ஆளுக்கு ஓர் ஆணி

அன்று காலை மெஷின் அறையில் யார் யார் இருந்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சண்முகம் இருந்தான். புரோகிராம் எழுதுபவன். கோலாலம்பூரில் படித்துவிட்டு வந்தவன். பேனாவைக் கடிக்கும் பழக்கம் உண்டு.

லிம் இருந்தாள். மெஷின் படிக்கும் கார்டில் துளை போடும் சீனப் பெண். கோலசிலாங்கூர் கடைத்தெருவில் வளர்ந்தவள். தமிழ் நம்மைப் போலவே பேசுவாள். திட்டுவது மட்டும் அவள் பாஷையில்.

பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, இருந்தார். ஆபீஸ் முழுக்க அவர் கைக்குள். ஏர்கோன் குளிர் ஒத்துக்கொள்ளாமல் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அஞ்சலை இருந்தாள். முன்பு ரப்பர் மரத்தில் பால் வெட்டியவள். மூச்சிரைப்பு வந்த பிறகு ஆபீஸுக்கு மாற்றினார்கள். அறை கூட்டுவாள், தேத்தண்ணி கொண்டு வருவாள்.

நான் இருந்தேன். மெஷினை, அதாவது கம்பெனியின் கம்ப்யூட்டரை, ஓட்டுபவன்.

வாசலில் லோரி நின்றது. டிரைவர் உள்ளே வரவில்லை.

புரோகிராமில் தன்னைத் தானே கூப்பிடும் துண்டு, அதாவது சப்ரூட்டீன், பற்றிப் புரோகிராம் கற்பவர்களுக்கு அந்தக் காலத்து ஆள் ஒருவர் எழுத வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். நான் தோட்டத்துப் பள்ளியில் ஆறாவது வரை படித்தவன். வெள்ளைக்காரன் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலத்தில் தோட்டக் காவலுக்குப் போனேன். பிறகு ஆபீஸ் பியூன். ஈஜோக் பக்கத்தில் இருந்த எங்கள் தலைமை ஆபீஸுக்கு இந்த மெஷின் வந்தபோது அதைத் துடைக்க என்னைப் போட்டார்கள். துடைத்துத் துடைத்து ஓட்டக் கற்றேன். ஓட்டி ஓட்டி மெஷினின் அசெம்ப்ளி மொழி எழுதவும் கொஞ்சம் கற்றேன். எனவே பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

இப்போது நீங்கள் எழுதும் மொழிகளில் ஒரு சப்ரூட்டீன் தன்னையே கூப்பிட அதன் பெயரை எழுதினால் போதும். எங்கே திரும்ப வேண்டும், யாருக்காகப் போனோம் என்பதையெல்லாம் யாரோ பார்த்துக்கொள்கிறார்கள். அன்று அந்த யாரோ நாங்கள்தான். சப்ரூட்டீனுக்குள் போகும்போது, திரும்பி வரவேண்டிய இடம் மெஷினுக்குள் ரிஜிஸ்டர் என்ற சின்ன இடத்தில் இருக்கும். அதை எடுத்து ஓரிடத்தில் வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். வைக்கும் இடம் ஒன்றே ஒன்று என்றால், போனவன் மறுபடி உள்ளே போகும்போது பழையது அழிந்துவிடும். அவ்வளவுதான். மற்றது புத்தகத்தில் இருக்கிறது. படித்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்ல வந்தது அந்த ஒரு நாளைப் பற்றி.

குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்திருந்த நேரம். ஐசி என்பது அடையாள அட்டை; நீல ஐசி என்றால் குடிமகன். சிவப்பு என்றால் இல்லை. இங்கேயே பிறந்து இங்கேயே தலை நரைத்தவர்கள்கூடத் தோட்டங்களில் சிவப்பு வைத்திருந்தார்கள். காகிதம் இல்லை. அவசரகாலத்தில் காட்டோரம் சிதறிக் கிடந்த வீடுகளை இடித்து, ஆட்களை லோரியில் ஏற்றி, முள்வேலிக்குள் கொண்டு வந்து இறக்கினார்கள். பெட்டி வந்து சேர்ந்தது. பெட்டியில் இருந்த காகிதம் வந்து சேரவில்லை.

எங்கள் கம்பெனி ஒரு வழி செய்தது. சிவப்பு ஐசிக்காரர்களில் யாருடைய அப்பாவோ அம்மாவோ, அவர்களுக்கு மேலே இருந்தவர்களோ இங்கே உரிமை உள்ளவர் என்று காட்ட முடியுமோ, அவர்களுக்குக் கம்பெனியே மனுப்போடும். முடிவு வரும்வரை வேலையில் வைத்துக்கொள்ளும். அது முதல் பட்டியல். அப்படி வழி இல்லாதவர்கள் இரண்டாம் பட்டியல். இரண்டாவதில் பெயர் வந்தால் பெர்மிட் கேட்டுப் பார்க்கலாம். கிடைக்காவிட்டால் வேலை போகும். வேலை போனால் கம்பெனி கொடுத்த லயத்து வீடும் போகும்.

கோலசிலாங்கூரிலிருந்து கெர்லிங் வரை இருந்த எங்கள் தோட்டங்கள் எல்லாவற்றின் ஆட்களும் கார்டில் இருந்தார்கள். வேலையில் இருப்பவர், ஓய்வு பெற்றவர், செத்தவர் எல்லோரும். ஒவ்வொரு கார்டிலும் அப்பாவின் நம்பர், அம்மாவின் நம்பர். மெஷின் செய்ய வேண்டியது இதுதான். ஒருவரை எடு. அவரிடம் நீலம் இருந்தால் சரி. இல்லையா, அப்பாவைப் போய்ப் பார். அப்பாவிடம் இல்லையென்றால் அப்பாவின் அப்பா, அப்பாவின் அம்மா. அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லையென்றால் இவருடைய அம்மாவைப் பார். ஒரே கேள்விதான். ஆள்தான் மாறிக்கொண்டே போகிறார். தன்னைத் தானே கூப்பிட வேண்டிய வேலை.

சண்முகம் எழுதினான். முதல் தடவை ஓட்டியபோது மெஷின் திரும்பி வரவில்லை. முன்பக்க விளக்குகள் ஒரே மாதிரி மின்னிக்கொண்டே இருந்தன. நிறுத்திவிட்டுப் பார்த்தோம். திரும்பும் இடத்தை வைக்க ஒரே இடம் ஒதுக்கியிருந்தான். உள்ளே உள்ளே போனதில் அது அழிந்து, போன இடத்துக்கே மறுபடி மறுபடி போய்க்கொண்டிருந்தது. அவன் அதைத் திருத்தினான். திரும்பும் இடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலிருந்து ஒவ்வொன்றாக எடுக்கும்படி செய்தான். சுற்றுவது நின்றது.

சுற்றும் தப்பு நல்ல தப்பு. கண்ணுக்குத் தெரியும். ஒழுங்காக ஓடி முடிகிற தப்புக்குத்தான் பயப்பட வேண்டும்.

அன்று காலை ஒழுங்காக ஓடி முடிந்தது. பிரிண்டர் இரண்டு கட்டு தாளைத் தள்ளிவிட்டு நின்றது. மத்தியானத்துக்குள் கோலசிலாங்கூர் ஜில்லா ஆபீஸுக்குப் போய்ச்சேர வேண்டும். மானேஜர் துரை போனில் இரண்டு தடவை கேட்டுவிட்டார். சண்முகம் சிரித்தான். நாங்கள் பார்த்த அவனுடைய முதல் சிரிப்பு அது.

என்னால் உட்கார முடியவில்லை. ஏன் என்று தெரியவில்லை. துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தேன். போய்த் தாளைப் பார்த்தேன், வைத்தேன், மறுபடி பார்த்தேன். இரண்டாவது கட்டு தடியாக இருந்தது. தடியாக இருக்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. இருந்தாலும் ஒரு மாதிரி இருந்தது.

அஞ்சலை தேத்தண்ணி கொண்டு வந்தாள். எல்லோருக்கும் வைத்தாள். என் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

“அண்ணே, நம்ம பேரு எதுல விழுந்திருக்கு?”

பெயர்களை யாருக்கும் காட்டக்கூடாது என்பது கிராணியின் உத்தரவு. அஞ்சலையின் புருசன் நாலு வயதில் கப்பலில் வந்த ஆள். அவன் பெயர் இரண்டாவதில்தான் வரும் என்று அவளுக்கே தெரியும். அவளுக்கு வேண்டியது அவள் பெயர். இருவரில் ஒருவருக்கு வேலை இருந்தால் வீடு இருக்கும். இருவரும் போனால் இரண்டு பிள்ளைகளோடு தெருவில் நிற்க வேண்டும்.

தாளைப் புரட்டினேன். புருசன் பெயர் இருந்தது. அதற்கு அடுத்த வரியிலேயே அவள் பெயரும் இருந்தது.

“ரெண்டாவதுல,” என்றேன்.

அவள் அழவில்லை. தட்டை மேசைமேல் வைத்தாள். 

“எங்கம்மா சுங்கை சோவுல பொறந்துச்சு. நீல ஐசி வாங்கிருச்சு. இதே கம்பெனியிலதான் புல்லு வெட்டுது. அந்த வயித்துல பொறந்த எனக்கு மட்டும் எப்படிண்ணே வழியில்லாமப் போச்சு?”

அறையில் எல்லோருக்கும் கேட்டது. கிராணி துண்டைச் சரிசெய்தார். மெஷின் ஆள் பார்த்துப் பொய் சொல்லாது, போய் வேலையைப் பார் என்றார். சண்முகம் கார்டில் அம்மா நம்பர் தப்பாக விழுந்திருக்கும் என்றான். லிம் அதைக் கேட்டுவிட்டு எழுந்து போனாள். பெட்டியிலிருந்து அஞ்சலையின் கார்டை உருவி, விளக்குக்கு நேரே பிடித்துத் துளைகளை வாய்விட்டுப் படித்தாள். அப்பா நம்பர் சரி. அம்மா நம்பர் சரி. அம்மாவின் கார்டையும் எடுத்தாள். நீலம் என்பதற்கான துளை இருந்தது.

“கார்டு சரி. என் தலையில கட்டாதே,” என்றாள்.

சண்முகத்தின் சிரிப்பு போய்விட்டது.

கிராணி அனுபவசாலி. அவர் சொன்ன வழி சுலபமானது. அஞ்சலை பெயரை இரண்டாவதில் அடித்துவிட்டு, முதலாவதில் பேனாவால் எழுதி, தாம் ஒரு கையெழுத்தும் போட்டுவிடுவதாகச் சொன்னார். ஒரு ஆள்தானே, முடிந்தது விஷயம், லோரி கிளம்பட்டும் என்றார்.

அஞ்சலை அவரைப் பார்த்துக் கும்பிட்டாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். உங்களுக்கும் வரும். எதிரே நிற்பது ஒரு ஆள். அவளுக்கு வேண்டியது ஒரு வரி. பேனா கையில் இருக்கிறது. செய்துவிட்டால் எல்லோரும் நல்லவர்கள். ஆனால் அவள் கார்டு சரியாக இருந்தும் அவள் தப்பான பக்கம் விழுந்திருக்கிறாள் என்றால், அவளைப் போல இன்னும் எத்தனை பேர் அந்தக் கட்டில் இருக்கிறார்கள்? அவர்கள் யாரும் அந்த அறையில் தேத்தண்ணி கொடுக்கவில்லை. கேட்க அவர்களுக்கு ஆள் இல்லை.

இங்கே பழைய சங்கதி ஒன்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் நான் அடுத்துச் செய்தது புரியாது.

அவசரகாலத்தில் கெர்லிங் பக்கம் ஒரு தோட்டத்தில் காவலுக்கு இருந்தேன். லயங்களைச் சுற்றி முள்வேலி. ஒரே கேட். சாவி என்னிடம். சாயங்காலம் ஆறு மணிக்குப் பூட்ட வேண்டும். ஆறுக்கு மேல் வேலிக்கு வெளியே நடமாடுகிற எதையும் பட்டாளம் சுடும். யார் என்று கேட்காது.

கேட் பக்கத்தில் ஒரு பலகை. அதில் வீட்டுக்கு ஓர் ஆணி. வெளியே போகிறவர் ஐசியைக் கொடுத்துவிட்டுப் போவார். அதை அவர் வீட்டு ஆணியில் மாட்டுவோம். திரும்பி வந்தால் கழற்றிக் கொடுப்போம். ஆணி காலியாக இருந்தால் அந்த வீட்டில் எல்லோரும் உள்ளே. ஆறு மணிக்குப் பலகையைப் பார்ப்போம். எல்லா ஆணியும் காலி என்றால் பூட்டுவோம். வந்த நாளிலிருந்து அப்படித்தான்.

ஒரு நாள் எல்லா ஆணியும் காலி. பூட்டப் போனேன். ஒரு பெண்பிள்ளை ஓடி வந்தாள். கையில் இரண்டு ஐசி. அவளுடையது, அவள் புருசனுடையது. காலையில் புருசன் முதலில் போயிருக்கிறான், ஐசி ஆணியில். பிறகு இவள் போயிருக்கிறாள், அதே ஆணியில் அதன்மேல் இவள் ஐசி. இவள் முதலில் திரும்பியபோது மத்தியான ஷிப்ட்டுக்காரன் இரண்டையும் சேர்த்துக் கழற்றி இவள் கையில் கொடுத்திருக்கிறான். புருசன் வந்துவிட்டான் போல என்று இவள் வாங்கிப் போயிருக்கிறாள். வீட்டில் அவன் இல்லை.

போலீஸ் சார்ஜன் வந்தார். பலகையைப் பார்த்தார். காலி. பூட்டு என்றார். அந்தப் பெண்பிள்ளை கேட்டின் இரண்டு கதவும் சேரும் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். காலை நீட்டி, முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, சோறு வடிக்க உட்காருவது போல உட்கார்ந்தாள். சார்ஜன் மலாய்க்காரர். இந்தப் பொம்பளையைத் தூக்கு என்று என்னிடம் சொன்னார். நான் சாவியைப் பையில் போட்டேன். தூக்கவும் இல்லை, தூக்கமாட்டேன் என்று சொல்லவும் இல்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் மரத்தைப் பார்த்தேன்.

அவன் வந்தான். கால் சுளுக்கி, பால் வாளியைத் தடி மாதிரி ஊன்றிக்கொண்டு, மரங்களுக்கு நடுவே ஒவ்வொரு அடியாக வந்தான். அவள் எழுந்தாள். மண்ணைத் தட்டினாள். அவனைப் பார்த்து, “வாளியக் கெடுத்துப்புட்டியே,” என்றாள். பூட்டினேன்.

மறுநாள் சார்ஜனே சுத்தியல் கொண்டு வந்தார். வீட்டுக்கு ஓர் ஆணி என்பதை எடுத்துவிட்டு, ஆளுக்கு ஓர் ஆணி அடித்தோம்.

அவ்வளவுதான் அந்தச் சங்கதி. மெஷின் அறைக்கு வருகிறேன்.

நான் எழுந்து போய் இரண்டாம் பட்டியலை எடுத்தேன். நாற்காலியில் போட்டேன். அதன்மேல் உட்கார்ந்தேன்.

“எந்திரி,” என்றார் கிராணி.

“முடியாது ஐயா.”

“ஒனக்குப் பென்ஷன் வேணாமா?”

“வேணும்.”

“அப்ப எந்திரி.”

நான் எழுந்திருக்கவில்லை. கிராணிக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். அத்தனை வருஷத்தில் அவரிடம் நான் இவ்வளவு பேசியதே கிடையாது.

அஞ்சலைக்குத்தான் உண்மையான கோபம் வந்தது. அவள் பக்கம் நியாயம் இருந்தது. கிராணி இன்று ஒத்துக்கொள்கிறார், நாளைக்கு ஒத்துக்கொள்வாரா? மறுபடி ஓட்டி, மறுபடியும் இரண்டாவதிலேயே விழுந்தால்? அவள் என் முன்னால் வந்து நின்றாள்.

“ஊரையெல்லாம் நீ அப்புறம் பாருண்ணே. எனக்கு மட்டும் அந்த ஒரு கோட்டப் போட்டுக் குடுத்துரு. எனக்கு ரெண்டு புள்ள.”

“தெரியும்,” என்றேன்.

“தெரிஞ்சுதான் குந்தியிருக்கியா?”

நான் பட்டியலின்மேல் நகர்ந்து உட்கார்ந்தேன். 

கிராணி துரைக்குப் போன் போட்டார். பேசிவிட்டு என்னிடம் நீட்டினார். துரை மலாயில் கேட்டார். எவ்வளவு தப்பு? தெரியாது துவான். எப்போது தெரியும்? தெரியாது துவான். எத்தனை பேர்? தெரியாது துவான்.  பிறகு, மூன்று மணிக்கு லோரி போகும், அதுவரை பார், முடியாவிட்டால் இருப்பது இருக்கிறபடி போகும், நீ உட்கார்ந்திருந்தாலும் போகும் என்றார். வைத்துவிட்டார்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். நெருக்கும்போது ஏதாவது ஒரு எண்ணைச் சொல்லத் தோன்றும். சொன்னால் அந்த எண்ணைக் காப்பாற்றுவதே உங்கள் வேலையாகிவிடும்.

சண்முகம் புரோகிராம் தாள்களைப் பரப்பிக்கொண்டு வரிவரியாகப் பார்த்தான். மறுபடி பார்த்தான். எல்லாம் சரியாக இருக்கிறது அண்ணே என்றான்.  தான் எழுதியதைத் தானே படித்தால் எழுத நினைத்ததுதான் தெரியும். எழுதியது தெரியாது.

ஆளை வைத்துச் செய்து பார்ப்போம் என்று எழுந்தேன். மூன்று மணி வரை பட்டியல் எங்கும் போகாது. சுவரில் ஷிப்ட்டுப் பெயர் எழுதும் சின்னக் கரும்பலகை இருந்தது. புரோகிராமில் ‘இப்போது யாரைப் பார்க்கிறோம்’ என்பதை வைக்கும் இடம் எது என்று கேட்டேன். காட்டினான். கரும்பலகைதான் அந்த இடம் என்றேன். திரும்பும் இடங்களுக்கு மேசைமேல் கார்டுகளை அடுக்குவோம். நீ கட்டளையைப் படி, நாங்கள் செய்கிறோம். எழுதியிருப்பதை மட்டும் படி, நினைத்ததைப் படிக்காதே.

அஞ்சலையை அஞ்சலையாகவே நிற்க வைத்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். லிம் அவளுடைய அப்பா. அந்த அப்பாவை அவசரகாலத்தில் காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி கொடுத்ததாகப் பிடித்துக் கப்பலேற்றி இந்தியாவுக்கே அனுப்பிவிட்டார்கள். கொடுத்தாரா இல்லையா என்பது அஞ்சலைக்கே தெரியாது. கைக்குழந்தையாக இருந்தாள். தாத்தாவுக்கு ஆள் இல்லை. கிராணியைப் பார்த்தேன்.

“செத்துப்போன ஆளா நான் நிக்கணுமா?”

“நாற்காலியிலயே இருக்கலாம் ஐயா.”

லிம் சிரித்துவிட்டாள். கிராணியும் ஏதோ முனகிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். மூன்று மணி வரை அவருக்கும் வேறு வேலை இல்லை.

சண்முகம் படித்தான். பலகையில் அஞ்சலை என்று எழுதினேன். நீலம் இல்லை. அப்பாவைப் பார்க்கப் போ. திரும்பும் இடத்துக்கு ஒரு கார்டு வைத்தேன். பலகையை அழித்து அப்பா என்று எழுதினேன். லிம்மிடம் நீலம் இல்லை. அவருடைய அப்பாவைப் பார்க்கப் போ. இன்னொரு கார்டு. பலகையை அழித்தேன். தாத்தா என்று எழுதினேன். கிராணி கையை விரித்தார். அவரிடம் ஒன்றும் இல்லை, அவருக்கு மேலே யாரும் இல்லை. திரும்பு. மேல் கார்டை எடுத்தேன். லிம்மிடம் வந்தோம். அடுத்த கட்டளை, அம்மாவைப் பார்.

“யாரோட அம்மா?” என்றேன்.

“பலகையில இருக்கிறவரோட அம்மா,” என்றான் சண்முகம். பலகையைப் பார்க்காமல்தான் சொன்னான்.

பலகையில் தாத்தா என்று இருந்தது. தாத்தாவின் அம்மாவுக்குக் கார்டே கிடையாது. இல்லை என்று திரும்பினோம். கடைசிக் கார்டை எடுத்தேன். இப்போது அஞ்சலையிடம் வந்தோம். அம்மாவைப் பார் என்றான் சண்முகம்.

முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த அஞ்சலை பலகைப் பக்கம் திரும்பினாள்.

“பலகையில என் பேரே இல்லையே,” என்றாள்.

சண்முகம் நிமிர்ந்தான். பலகையைப் பார்த்தான். பேனா வாயிலிருந்து கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

திரும்பும் இடத்தை அடுக்கி வைத்திருந்தான். யாருக்காகப் போனோம் என்பதை அடுக்கவில்லை. அது ஒரே இடத்தில் இருந்தது. உள்ளே போகப் போக அழிந்துகொண்டே வந்தது. அப்பா பக்கம் முதல் அடியிலேயே வழி கிடைத்தவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. அவர்களுக்கு அதற்குமேல் பலகையைப் பார்க்கத் தேவையே இல்லை. நாங்கள் சோதனைக்கு வைத்த கார்டுகள் எல்லாம் அப்படிப்பட்டவை. ஆபீஸ் என்றால் அப்பா பெயர்தானே முதலில் வரும். எங்களுக்கும் அப்படித்தான் வந்தது. அம்மா பக்கம் வழி இருந்தவர்கள், அதுவும் அப்பா இந்தியாவில் பிறந்து இங்கே ஒன்றும் இல்லாமல் போனவர்கள், அத்தனை பேரும் வேறு யாருடைய அம்மாவையோ தேடப் போய் இரண்டாவதில் விழுந்திருந்தார்கள். எங்கள் தோட்டங்களில் அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

“ஆளுக்கு ஓர் ஆணி வேணும்,” என்றேன். சண்முகத்துக்கு அந்தக் கதை தெரியாது. ஆனால் புரிந்துகொண்டான். ஒவ்வொரு அழைப்புக்கும் தனி இடம். அதில் திரும்பும் இடமும் ஆளும் சேர்ந்தே இருக்க வேண்டும். சேர்ந்தே போக வேண்டும், சேர்ந்தே வர வேண்டும்.

உட்கார்ந்து எழுதினான்.  எத்தனை ஆணி அடிக்கலாம் அண்ணே, இடம் குறைவாக இருக்கிறதே என்று கேட்டான். எத்தனை தலைமுறை இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? அடிக்க முடிந்த வரை அடி, ஆணி தீர்ந்தால் மெஷின் நிற்கட்டும், நின்று யார் பெயரில் நின்றது என்று சொல்லட்டும், இல்லை என்று மட்டும் முடிவு சொல்லிவிட வேண்டாம் என்றேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். இடம் போதாமல் போவது குற்றமில்லை. போதாததை மறைத்துக்கொண்டு பதில் சொல்வதுதான் குற்றம்.

லிம் கார்டு போட்டாள். அவள் கை போகிற வேகத்தில் யாரும் அவளிடம் பேசவில்லை. நான் அவற்றை மெஷினில் போட்டேன். அதற்குப் பிறகு எங்கள் கையில் ஒன்றும் இல்லை.

இந்தத் தொழிலில் மிகக் கஷ்டமானது அந்த நேரம்தான். ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் நிற்பீர்கள். சண்முகம் கதவுக்கும் மெஷினுக்கும் நடந்தான். கிராணி கடிகாரத்தைப் பார்த்தார், துண்டை அவிழ்த்தார், மறுபடி சுற்றினார். வெளியே டிரைவர் ஹார்ன் அடித்தான். அஞ்சலை கூட்டிய தரையையே கூட்டினாள். விளக்குகள் மாறி மாறி மின்னின. ஒரு தடவை ஒரே மாதிரி மின்னுவது போல எனக்குப் பட்டது. கையை நிறுத்தும் பொத்தானுக்குக் கொண்டு போனேன். மாறியது. கையை எடுத்தேன்.

பிரிண்டர் பேசத் தொடங்கியது.

இம்முறை முதல் கட்டு தடியாக வந்தது. லிம்தான் முதலில் பார்த்தாள். விரலை வைத்துக்கொண்டே போய், “அஞ்சலை, இங்க லா,” என்றாள்.

அஞ்சலை வந்து பார்த்தாள். தன் பெயரை எழுத்துக் கூட்டிப் படிக்க அவளுக்குத் தெரியும், ஆனால் அது இங்கிலீஷில் இருந்தது. லிம் விரல் இருந்த இடத்தில் தன் விரலை வைத்தாள். பிறகு என்னிடம் வந்து இரண்டாவது கட்டைக் கேட்டாள். அவள் புருசன் பெயரைக் காட்டினேன். அது இருந்த இடத்திலேயே இருந்தது.

“அது தெரிஞ்சதுதான்,” என்றாள். கிளாஸ்களை எடுத்துத் தட்டில் அடுக்கினாள். கதவருகே நின்று, “வீடு இருக்கும்,” என்று சொன்னாள். எங்களிடம் சொன்னது மாதிரி இல்லை. என்னைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு வெகுநாள் எனக்குத் தேத்தண்ணியை மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டுத்தான் போவாள்.

கிராணி நாற்காலியில் கிடந்த பழைய பட்டியலை எடுத்தார். நான் உட்கார்ந்ததில் கசங்கியிருந்தது. ஒவ்வொரு தாளாகக் கிழித்தார். குப்பைக்கூடையில் போட்டார். அதைப் பற்றி அவர் யாரிடமும் பேசவில்லை. என் பென்ஷனைப் பற்றியும் பேசவில்லை.

சண்முகம் என்னிடம் ஏதோ சொல்ல வந்தான். நன்றி சொல்வதா, மன்னிப்புக் கேட்பதா என்று அவனுக்கே தெரியவில்லை. சோதனைக் கார்டில் இனிமேல் அம்மா பக்கமும் வை என்றேன். சரி அண்ணே என்றான்.

இதோடு முடித்தால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் லோரி இன்னும் வாசலில்தான் நின்றது. இரண்டாம் பட்டியல் மெலிந்துபோயிருந்தது. இல்லாமல் போகவில்லை. புதிய பட்டியலில் சண்முகம் பத்துப் பேரை எடுத்துப் பலகையில் போட்டுப் பார்த்தான். பத்தும் சரி. மெஷின் கேட்க வேண்டியவர்களையெல்லாம் கேட்டிருந்தது. அப்பாவைக் கேட்டது, அம்மாவைக் கேட்டது, அவர்களுக்கு மேலே இருந்தவர்களைக் கேட்டது. ஒருவரும் விடுபடவில்லை. எங்கும் தப்பு இல்லை. உட்கார்ந்துகொள்ள எனக்குக் காரணம் இல்லை.

உறையின்மேல் எத்தனை பேர் என்று எழுத வேண்டும், எண்ணு என்றார் கிராணி. கடைசித் தாளின் அடியில் மெஷினே எண்ணைப் போட்டிருந்தது. நான் கையால் எண்ணினேன். ஒவ்வொரு பெயராக விரல் வைத்து எண்ணினேன். சிலரை எனக்குத் தெரியும். கெர்லிங்கில் என்னோடு காவல் நின்றவன் ஒருவன். என் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவன் ஒருவன். அஞ்சலையின் புருசன். எண்ணி முடித்து, மெஷின் போட்ட எண்ணோடு ஒப்பிட்டேன். சரியாக இருந்தது. உறையின்மேல் எழுதிக் கொடுத்தேன்.

நூற்றுப் பதினாறு.